கேட்ட கதையும் எழுதப்போகும் கதையும்: வாசகர் கேள்வி – பதில்

வைகாசிச் சடங்கு முடிந்து, மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவுகள் அடுத்த ஆண்டுவரை அடைக்கப்பட்டுவிட்டன. அதனாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை பழங்கதைகளைப் பற்றியே இருந்தன. அவற்றை எப்படிப் படிப்பது, நம் கையால் எப்படித் திரும்ப எழுதுவது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

நான் தரம் 8 மாணவருக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மகாபாரதம் என்றால் அவர்களுக்குத் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வருகிறது. கர்ணனைக் கேட்டால் நடிகரின் முகத்தைச் சொல்கிறார்கள். அவர்களைப் படிக்கவும், பின்னர் தாமே எழுதவும் பழக்குவதற்கு எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

காதிலிருந்து தொடங்குங்கள், ஆசிரியை அவர்களே. நம் பகுதியில் பாரதம் கண்ணுக்கு முன்பே காதுக்கு வந்த கதை. வடமோடிக் கூத்துகளிற் பல பாரதப் போர்க் கதைகள் என்பதும், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தள அடியைக் கேட்டு, இன்னார் களரிக்கு (ஆடுகளத்துக்கு) வரப்போகிறார் என்று சிறுவர்களும் சொல்லிவிடுவார்கள் என்பதும் தங்களுக்குத் தெரிந்தவையே. அருகில் எங்காவது கூத்து அரங்கேறினால் மாணவரை அழைத்துச் செல்லுங்கள். விடியும்வரை இருக்க முடியாவிட்டாலும் ஒரு பாத்திரம் களரிக்கு வரும் கொலுவரவையாவது முழுதாகப் பார்க்கட்டும். தொலைக்காட்சி காட்டிய முகத்தை மறக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதே கர்ணன் வேறொரு முகத்தோடும் வேறொரு தாளக்கட்டோடும் வரக்கூடியவன் என்பதை அவர்கள் ஒருமுறை கண்டுவிட்டால், மூன்றாவதாகத் தாங்களும் ஒரு முகம் கொடுக்கலாம் என்ற எண்ணம் தானாகவே பிறக்கும்.

அடுத்ததாக, ஒரேயொரு இடத்தைத் தெரிந்தெடுத்துப் பாடலாகவே படிக்கச் செய்யுங்கள். வில்லிபாரதம் பத்துப் பருவங்களும் 4,300க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. அதை முழுதும் வகுப்பறைக்குக் கொண்டுவருவது நடக்கும் காரியமல்ல. போருக்கு முன் குந்தி கர்ணனிடம் வரும் இடம் ஒன்று போதும். அங்கே துரியோதனனை விட்டு நீங்க மறுக்கும் கர்ணன் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறான். துரியோதனன் மனைவியின் மேகலை மணிகள் சிதறிக் கிடந்த வேளையில், தன்னை ஐயுறாமல் "எடுக்கவோ, கோக்கவோ" என்று கேட்டவன் அந்த நண்பன் என்பது அவன் கூற்று. குந்தி கர்ணனைச் சந்திப்பது வியாசரிடமும் உண்டு, ஆனால் இந்த மணிக் கதை அங்கே இல்லை. நட்பு என்ற ஒரு சொல்லுக்கு நூறு பாடல் எழுதாமல், தரையில் உருண்ட சில மணிகளைத் தமிழ் மரபு தந்திருக்கிறது. மீளச் சொல்லுதல் என்றால் என்னவென்று மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

படிக்கும் முறைக்கும் நம்மிடமே வழி இருக்கிறது. கோயில்களிற் புராணம் படிக்கும்போது ஒருவர் பாடலை இசையோடு படிப்பார், மற்றொருவர் பயன், அதாவது பொருள், சொல்வார். பயன் சொல்பவர் பாடலில் ஓர் எழுத்தையும் மாற்றுவதில்லை. ஆனால் கேட்டிருப்பவர் வேளாண்மை செய்பவரென்றால் அவருடைய வயல்வட்டையிலிருந்தும், மீன்பிடிப்பவரென்றால் அவருடைய தோணியிலிருந்தும் எடுத்துக்காட்டுகளைக் கொண்டுவந்து, நூற்றாண்டுகளுக்கு முந்திய பாடலை அன்றைய மாலைக்கு உரியதாக்கிவிடுவார். வகுப்பில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து இப்படிச் செய்து பாருங்கள். ஒரு வாரம் பாடலைப் படித்தவர் அடுத்த வாரம் பயன் சொல்லட்டும். கதையின் முழு ஓட்டமும் தெரிய வேண்டுமென்றால் இராஜாஜியின் 'வியாசர் விருந்து' எளிய உரைநடையிற் கிடைக்கிறது. அதை வீட்டிற் படித்துவரச் சொல்லலாம்.

இவையெல்லாம் முடிந்த பின்னரே எழுதச் சொல்லுங்கள். எழுதச் சொல்லும்போது "கர்ணன் கதையை உன் நடையில் எழுது" என்று கேட்டால் சுருக்கம்தான் வரும். "கர்ணனைப் பிரிந்து குந்தி திரும்பி நடந்த வழியை ஒரு பக்கத்தில் எழுது" என்று கேளுங்கள். அந்த நடை எவ்வளவு தூரம், கையில் என்ன இருந்தது, வழியில் யாரைக் கண்டாள் என்பதெல்லாம் காப்பியம் பேசாமல் விட்ட இடங்கள். பிள்ளைகள் அங்கே தாராளமாக நடக்கலாம்.

கண்ணகி பாண்டியனை மன்னித்துவிட்டு மதுரையை எரிக்காமல் திரும்புவதாக ஒரு சிறுகதை எழுதினேன். படித்த கோயிற் பெரியவர் ஒருவர், "அம்மனின் கதையை மாற்ற நீ யார்?" என்று கடிந்துகொண்டார். எனக்கு உரிமை இல்லையா?
– ஓர் இளம் எழுத்தாளர், ஆரையம்பதி

உரிமை உண்டு. அந்தப் பெரியவரின் கோபத்திலும் நியாயம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன என்று தாங்கள் எண்ண வேண்டாம்.

கண்ணகி கோயிலில் அவள் கதையைச் சொல்லும் 'கண்ணகி வழக்குரை' பாடப்படும்போது அது இலக்கியமாக மட்டும் பாடப்படுவதில்லை. அது வழிபாடு, நேர்த்தி, நோய் தீர வேண்டுதல். மட்டக்களப்பின் பெரும் வெயிற்காலத்தில், அம்மாள் வருத்தம் என்னும் அம்மை நோய் பரவும் பருவத்தில், ஆண்டில் ஒருமுறை கதவு திறந்து, கேட்டிருக்கும் தாய்மார் கண்ணீர் மல்க, ஏட்டில் உள்ளபடி அந்தக் கதை பாடப்படுகிறது. அந்த இடத்தில் ஒரு வரியை மாற்றுவது, நோயுற்ற பிள்ளைக்கு வேண்டிக்கொண்டு நிற்கும் ஒருத்தியின் வேண்டுதலை இடையில் மறிப்பதற்கு ஒப்பாகும். பெரியவர் காவல் செய்வது அந்த இடத்தை. சஞ்சிகையில் அச்சாகும் சிறுகதை வேறு களரியில் ஆடும் கூத்து. இதை அவரிடம் பணிவோடு சொல்லிப் பாருங்கள். வழக்குரையை ஒருமுறை முழுதாக அவர் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டுச் சொன்னீர்களானால் இன்னும் நல்லது.

அப்படிக் கேட்டால் தங்கள் கதைக்கே ஒரு குறை புலப்படும் என்பதனாலும் இதைச் சொல்கிறேன். கோபம் தணிந்த கண்ணகியைக் காண வேண்டும் என்ற ஆசை தங்களுக்கு மட்டும் வந்ததல்ல. இளங்கோவடிகளிடம் கண்ணகி மதுரையை எரிக்கிறாள், மதுராபதித் தெய்வம் அவள்முன் தோன்றிப் பழவினையைச் சொல்கிறது, பதினான்கு நாட்களின் பின் வேங்கை மரத்து நிழலில் நின்று கோவலனோடு வானேறுகிறாள். கதையைக் காவியமாகக் கண்ட புலவருக்கு அந்த முடிவு போதுமானதாக இருந்தது. கதையைத் தெய்வமாகக் கொண்ட நம் முன்னோருக்கு அது போதவில்லை. எரித்தவளின் உடம்பிலும் மனத்திலும் எஞ்சியிருந்த அந்தச் சூடு எங்கே போயிற்று என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே நம் வழக்கில் மதுரையை எரித்துவிட்டு வரும் கண்ணகியை இடைச்சேரியினர் குளிர்விக்கிறார்கள். குளிர்த்திச் சடங்கு அந்தக் கையின் தொடர்ச்சிதான். செட்டிபாளையத்திலும் தம்பிலுவிலிலும் காரைதீவிலும் பட்டிமேட்டிலும் குளிர்த்தி பாடும் ஒவ்வோர் இரவிலும், பாலும் தயிரும் கொண்டு வந்த அந்த இடைச்சியரின் இடத்தில் ஊரே நிற்கிறது.

இதைக் கூர்ந்து பாருங்கள். நம்மவர்கள் அவளுடைய கோபத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடவில்லை. அது முழுதாக எரிந்து முடிய விட்டுவிட்டு, பின்னர் தங்கள் கையால் ஆற்றியிருக்கிறார்கள். தங்கள் கதையில் அவள் தானாகவே மன்னித்துவிடுகிறாள். அநீதி இழைக்கப்பட்டவளே ஆறுதலையும் தேடிக்கொள்ள வேண்டியவளாகிறாள், ஊருக்கு ஒரு வேலையும் இல்லை. நான் தங்கள் இடத்தில் இருந்தால், நகரம் எரிந்த மறுநாட் காலை தன் வாசலில் வந்து நின்ற ஒருத்தியைக் கண்ட இடைச்சியின் வாயால் அந்தக் கதையை எழுதுவேன். வந்தவள் யாரென்று அவளுக்குத் தெரியாது. தூரத்தில் புகை மட்டும் தெரிகிறது. வந்தவளின் உடம்பு கொதிக்கிறது. அவள் முதலில் என்ன செய்வாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதை பல வீடுகளில் வாழ்ந்த கதை. வழக்குரையின் கடலோட்டுக் காதையில் நாகமணி தேடிச் செல்லும் மீகாமன் வெடியரசனோடு போரிடுகிறான். சிலப்பதிகாரத்தில் அந்தக் கடற்பயணமே இல்லை. கண்ணகி மாங்கனியிற் பிறந்தவள் என்பது நம் நாட்டு வழக்கு, இளங்கோ சொல்லாதது. அதே மாங்கனியை நம் சிங்களச் சகோதரரின் பத்தினி தெய்வக் கதையிலும் காண்கிறோம். நாம் கொம்புகளைக் கோத்து இழுத்துக் கொம்பு முறிப்பதைப் போல அவர்கள் அங்கெலிய என்ற விளையாட்டை ஆடுகிறார்கள். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கோவலன் பக்கமும் கண்ணகி பக்கமும் கொம்பிழுத்த பிள்ளைகள், ஒரு கதைக்கு இரண்டு பக்கம் உண்டென்பதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமற் கற்றுக்கொண்டவர்கள். வி.சீ. கந்தையா அவர்கள் 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்துத் தந்திருப்பதால், ஏடு தேடி அலைய வேண்டிய தேவையும் தங்களுக்கு இல்லை. படியுங்கள். பிறகு கதையைத் திரும்ப எழுதுங்கள். எழுதியதை எனக்கும் அனுப்புங்கள்.

எது உண்மையான மகாபாரதம்? எது உண்மையான இராமாயணம்? இலக்குவன் கிழித்த கோடு மூலத்தில் இல்லை என்று ஒருவர் சொன்னபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.
– ஒரு பல்கலைக்கழக மாணவர், கல்முனை

கோடு வால்மீகியிடம் இல்லை, கம்பரிடமும் இல்லை. பிற்காலத்தார் சேர்த்தது அது. ஆனால் அதனால் ஏமாற்றமடைவதற்குப் பதிலாக, அது ஏன் சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள், கதை இன்னும் விரியும்.

சீதையை இராவணன் கவரும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். வால்மீகி இராமாயணத்தில் அவன் அவளைக் கையாற் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பருக்கு அதைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. அவருடைய இராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். விருப்பமில்லாத பெண்ணைத் தீண்டினால் அழிவான் என்ற சாபம் அவனுக்கு இருக்கிறது. இந்த மாற்றம் இலேசானதல்ல. இராவணனின் வலிமையும் பெரிதாகிறது, அவனுடைய தோல்வியும் பெரிதாகிறது: மண்ணையே பெயர்க்க முடிந்தவனுக்கு அந்த மண்ணின்மேல் நின்றவளைத் தொட முடியவில்லை.

மகாபாரதத்தைப் பொறுத்தவரை, பூனாவிலுள்ள பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த ஆய்வுப் பதிப்பு இருக்கிறது. நாடெங்குமுள்ள சுவடிகளை ஒப்பிட்டு, பலவற்றுக்கும் பொதுவான பாடத்தைக் கண்டு, இடையில் வந்தவற்றைத் தனியே ஒதுக்கினார்கள். வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய கதைகூட அப்படி ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று. அறிஞருக்கு அந்தப் பதிப்பு மிக வேண்டியது. எது எப்போது சேர்ந்தது என்று ஆராய அது இல்லாமல் முடியாது. ஆனால் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாட்கள் வனவாசமும் தவநிலையும் தீமிதிப்புமாக நடக்கும் பாரதத்தை அந்தப் பதிப்பிற் தேடினால் கிடைக்காது. வியாசரின் திரௌபதி, தூது செல்லப்போகும் கண்ணனிடம் தன் கூந்தலைக் காட்டி, சமாதானம் பேசும்போது இதை நினைவிற்கொள் என்கிறாள். தமிழரின் திரௌபதையோ பகைவரின் குருதி பூசாமல் கூந்தலை முடிப்பதில்லை என்று சபதம் செய்தவள். தீமிதிப்பவர்கள் நினைப்பது இந்தத் திரௌபதையை. உண்மை எது என்ற கேள்வியை "யாருக்கு, எப்போது உண்மை?" என்று மாற்றிக் கேட்டால் தங்கள் ஏமாற்றம் தீரும் என்று நினைக்கிறேன்.

என் மூத்தும்மா (பாட்டி) இரவில் நிறையக் கதைகள் சொல்வார். அவற்றில் நபிமார் கதைகளும் இருந்தன, ராஜா ராணி கதைகளும் இருந்தன, பாண்டவர் பெயர்கள்கூட வந்தன. இப்போது நான் எழுத விரும்புகிறேன். இக்காப்பியங்களை ஒரு முஸ்லிம் எழுதுவதை மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?
– ஒரு வாசகி, அக்கரைப்பற்று

தங்கள் மூத்தும்மாவின் நினைவில் அவை ஒன்றாக இருந்திருக்கின்றன என்றால், தங்கள் ஏட்டிலும் ஒன்றாக இருக்கலாம். இந்தக் கரையில் வயலும் வாய்க்காலும் இரு சமூகத்தாருக்கும் அடுத்தடுத்து இருந்தன. நெற்சூடு மிதிக்கும் களத்தில் ஒருவர் சொன்ன கதையை மற்றவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். நம் பகுதி முஸ்லிம் பெண்களின் கவிகளையும் மட்டக்களப்பு நாட்டுப்பாடல்களையும் ஒன்றாக வைத்துப் படித்தவர்களுக்கு எது எந்த வீட்டுப் பாட்டென்று பிரித்துச் சொல்வது கடினம்.

தங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டிற் பாடிய சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சொல்லும் பெருங்காப்பியம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்ற மூன்று காண்டங்களும் 5,000க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்டது. அதன் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாட வந்த புலவர், மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ் நிலத்தையே பாடுகிறார். தமிழ்க் காப்பிய மரபு தமக்கு உரிமையானது என்ற தெளிவு அந்தப் பாடல்கள் முழுதும் தெரிகிறது. நூறு மசலாவைப் படித்திருக்கிறீர்களா? கேள்விகளுக்கு விடை சொன்னால்தான் மணமுடிப்பேன் என்று நிற்கும் இளவரசியின் கதை அது. மூத்தும்மா சொன்ன ராஜா ராணி கதைகளுள் ஒன்றுக்கு அதிலே வேர் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்துக்கு என் பதில் ஒன்றுதான். ஒரு சமூகத்தார் வணங்கும் ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவர் வணங்கப்படுகிறார் என்ற உணர்வு எழுதுபவரிடம் இருக்க வேண்டும். இது தங்களுக்கு மட்டுமல்ல, அந்தச் சமூகத்துள் பிறந்தவருக்கும் பொருந்தும்.

பாத்திரங்கள் மட்டக்களப்புப் பேச்சிற் பேசலாமா? "மறுகா" (பிறகு) என்று பீமன் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?
– ஒரு வாசகர், வாழைச்சேனை

பேசலாம். முதலிற் சிலர் சிரிப்பார்கள். பீமனுக்கு மட்டும் ஊர்ப்பேச்சைக் கொடுத்துத் தருமனுக்குச் செந்தமிழைக் கொடுத்தீர்களானால் அந்தச் சிரிப்பு நிற்காது, ஏனென்றால் அப்போது தாங்களே நம் பேச்சைக் கோமாளிக்கு உரியதாக்கிவிடுகிறீர்கள். எல்லோரும் பேசட்டும், துயரத்திலும் பேசட்டும். பிள்ளையை இழந்த சுபத்திரை திரும்பிப் பார்க்கும் இடத்தில் நம் "கிறுகி" என்ற சொல்லைத் தவிர வேறெந்தச் சொல்லும் சரியாக வராது என்று தங்களுக்குத் தோன்றும் ஒரு நாள் வரும். சொல்லி நகரும் பகுதியைப் பொதுத்தமிழில் வைத்துக்கொள்வது படிப்பவருக்கு எளிது.

ஒன்பது வயது மகளுக்குக் கதை சொல்லும்போது அபிமன்யுவின் சாவு, துகிலுரிதல் போன்றவற்றை விட்டுவிடலாமா? அவள் அழுகிறாள்.
– ஒரு தாய், தம்பிலுவில்

அழட்டும் அம்மா, தாங்கள் அருகில் இருக்கிறீர்கள் அல்லவா. கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து நாங்கள் படுத்திருந்த காலத்தில், அபிமன்னன் வியூகத்துக்குள் புகுந்து சாகும் நேரம் பின்னிரவாக இருக்கும். பாதிப் பிள்ளைகள் உறங்கிவிடுவோம். உறங்காதவர்கள் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். அம்மாவும் அழுதுகொண்டிருப்பாள். அம்மா அழுவதைக் கண்ட பிள்ளைக்கு அந்தச் சாவு அச்சமாக மிஞ்சவில்லை, துயரமாக மிஞ்சியது. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

தவிர்க்க வேண்டியது வேறு. சாவைச் சொல்லுங்கள், ஆனால் இரத்தத்தைச் சுவைத்துச் சொல்ல வேண்டாம். கூத்தில் வீரன் வீழ்வான், உடனே புலம்பல் தொடங்கிவிடும். காயத்தை யாரும் நெருங்கிப் பார்ப்பதில்லை. துகிலுரிதலைப் பொறுத்தவரை, ஒன்பது வயதுப் பெண் பிள்ளைக்கு அந்த அவையில் நடந்ததைவிட முக்கியமானது திரௌபதி அங்கே எழுப்பிய கேள்வி: தன்னையே தோற்ற ஒருவர் பிறகு என்னை எப்படிப் பணயம் வைத்தார்? அந்தக் கேள்விக்கு அவையிலிருந்த பெரியவர்கள் நேரான பதில் சொல்லவில்லை, கௌரவர் பக்கத்திலிருந்து விகர்ணன் ஒருவன்தான் எழுந்து அவளுக்காகப் பேசினான் என்று சொல்லுங்கள். மகள் தங்களிடம் நிறையக் கேட்பாள். அன்றிரவு உறங்கச் சற்று நேரமாகலாம்.

என் அம்மம்மாவிடம் பழைய கதைகள் இருப்பது எனக்குத் தெரியும். கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு போய் இருந்தால் "எனக்கொண்டும் தெரியாது" என்கிறார். எப்படிக் கேட்பது?
– ஒரு மாணவி, வாகரை

கைத்தொலைபேசியை முதல் நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் மகள். அவர் பன்பாய் பின்னும்போதோ கீரை ஆயும்போதோ பக்கத்தில் இருந்து அதே வேலையைச் செய்யுங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் வாய்க்குக் கதை வரும், ஏனென்றால் அவர் அதைக் கேட்டதும் அப்படித்தான். அப்போதும் வராவிட்டால் தங்களுக்குத் தெரிந்த ஒரு கதையைச் சற்றுப் பிழையாகச் சொல்லுங்கள். நான் அறிந்த எந்த முதியவரும் பிழையான கதையைத் திருத்தாமல் விட்டதில்லை. சுவர்களிடம் தன் துன்பங்களைச் சொன்ன கிழவியின் நாட்டார் கதை ஒன்று உண்டு. கேட்க யாருமில்லாமல் எல்லாவற்றையும் உள்ளே அடக்கி உடம்பு பெருத்துப்போன அவள், பாழ்வீடொன்றில் ஒவ்வொரு சுவராகப் பார்த்துச் சொல்ல, சொன்ன கதையின் பாரம் தாங்காமல் சுவர்கள் ஒவ்வொன்றாக விழ, அவள் உடம்பு இலேசாகிவிடும். அம்மம்மாவுக்கு அதைச் சொல்லிப் பாருங்கள், நான்கு சுவர் என்பதை மூன்றாக்கி.

பதிவு செய்யும் காலம் வரும்போது அவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். எழுதும்போது இரண்டு கொப்பிகள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் அவர் சொன்னது சொன்னபடி, விக்கலும் இருமலும் "மறுகா"வும் உட்பட இருக்க வேண்டும். அவர் யாரிடமிருந்து, எந்த ஊரில், என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது கேட்டார் என்பதையும் அதில் எழுதுங்கள். ஒரே கதையைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் கேட்டு, மாறியவற்றையும் குறித்துவையுங்கள். தங்கள் கற்பனைக்கு இரண்டாவது கொப்பி. அங்கே எதையும் மாற்றலாம். முதலாவது கொப்பியில் இலக்கணப் பிழையைக்கூடத் திருத்தக் கூடாது.

இதை நான் பிந்தித்தான் கற்றேன். படுவான்கரையில் எங்கள் வட்டையில் வேளாண்மைக் காவலுக்குப் போன காலத்தில், காவற்பரணில் என் அம்மப்பா ஒரு கதை சொன்னார். காவற்காரன் ஒருவன் தனித்திருக்கும் இரவில் ஒரு யானை பரணடிக்கு வந்து, வேளாண்மையைத் தொடாமல் நின்று, அவனிடம் ஒரு கேள்வி கேட்கிறது. சரியான பதில் சொன்னால் திரும்பிப் போய்விடுவேன் என்கிறது. அவன் என்ன பதில் சொன்னான், யானை எப்படித் திரும்பிப் போனது, விடியும்போது வரம்பில் என்ன கிடந்தது என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, அழகான நடையில் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கொப்பியில் எழுதினேன். யானை கேட்ட கேள்வி என்னவென்று அதில் எழுதவில்லை. இப்போது அதைச் சொல்லக்கூடியவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.